வெலிவாடா: ஹைதராபாத்தின் சொல்லும் மும்பையின் வளாகங்களும்

இன்று ஜனவரி 17, 2025. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்து ஒன்பது ஆண்டுகள் நிறைவடைகின்றன. அவரை நான் நேரில் அறிந்தவனல்லன். அவருடன் போராடியவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் பல உள்ளன. அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பது என் நோக்கமுமன்று. ஒரு வளாகத்தில் நேர்ந்த சாவுக்கு வேறோர் ஊரின் வளாகங்கள் எவ்வாறு முகங்கொடுக்கின்றன, அந்த எதிர்வினை பின்னர் என்னவாகிறது என்பதை மும்பையை முன்வைத்து எழுத முயல்கிறேன். பதிவு சற்று நீளமானது. பொறுத்தருள்க.

2016 ஜனவரியில் நான் மாட்டுங்காவில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு தாராவியில், தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்னால். ரோஹித் இறந்தது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கல்லூரியில் எங்கள் அலைபேசிகளில் ஒரு படம் சுற்றிவந்தது. திறந்தவெளியில் ஒரு கூடாரம். அதன் மேல் தெலுங்கில் ஏதோ எழுதப்பட்டிருந்தது. வொர்லியிலிருந்து வரும் தெலுங்குத் தோழி ஒருத்தி அதை வாசித்துக் காட்டினாள்: வெலிவாடா. பொருள் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்லின் முற்பாதி என் தாய்மொழியில் இருந்தது. பிற்பாதி நான் பிறந்த இடத்தின் பெயரில் இருந்தது. தாராவி கோளிவாடாவைக் கடந்துதான் நாங்கள் பள்ளிக்குச் செல்வோம்.

பின்னாளில் மொழியியல் முதுகலை பயின்றபோது அந்தச் சொல்லுக்குத் திரும்ப நேர்ந்தது. தெலுங்கின் ‘வெலி’யும் தமிழின் ‘வெளி’யும் ஒரே வேரின. தமிழில் ‘வெளி’ விரிந்த பொருளுடையது. புறம், திறந்த நிலம், வானம், அண்மைக் காலத்தில் ‘பொதுவெளி’ எனப் பெரும்பாலும் விடுதலையைச் சுட்டும் திசையிலேயே அது வளர்ந்திருக்கிறது. தெலுங்கில் அதே வேர் சமூக விலக்கு என்னும் பொருளையும் ஏற்றுக்கொண்டது; ஒருவரை ஊரைவிட்டு விலக்கிவைப்பதை ‘வெலி’ போடுதல் என்பார்கள். ‘வாடா’ மராத்தியிலும் தெலுங்கிலும் குடியிருப்பைக் குறிக்கும். அதன் மூலமான வடசொல்லுக்கு வேலியிட்ட இடம் என்று பொருள். ஆக, வெலிவாடா என்பது வெளியே உள்ள அடைப்பு. மராத்தியின் ‘மகார்வாடா’வும் இதே அமைப்பில் உருவான சொல்லே. நம்முடைய ‘சேரி’யின் வழி வேறு. சங்க இலக்கியத்தில் பொதுவாகக் குடியிருப்பையோ தெருவையோ குறித்த அச்சொல் பின்னர்தான் ஒடுக்கப்பட்டோர் வாழிடம் என்று குறுகியது. தெலுங்குச் சொல்லோ தன் பிறப்பிலேயே விலக்கைச் சொல்லிவிடுகிறது.

அந்தக் கூடாரத்துக்கு அப்பெயரை இட்டவர்கள் அதில் படுத்துறங்கிய மாணவர்களே. 2015 ஜூலை முதல் ரோஹித்தின் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. ஆகஸ்டில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தினருக்கும் மற்றொரு மாணவர் அமைப்பைச் சேர்ந்தவருக்கும் இடையே எழுந்த தகராறைத் தொடர்ந்து விசாரணைகள், நடுவணமைச்சர்களின் கடிதங்கள், தண்டனை, தண்டனைத் தளர்வு, மீண்டும் தண்டனை என மாதங்கள் கழிந்தன. இறுதியில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்தும் வளாகத்தின் பொது இடங்களிலிருந்தும் விலக்கப்பட்டனர். 2016 ஜனவரித் தொடக்கத்தில் பாய் படுக்கைகளோடு அறைகளைவிட்டு வெளியேறினர். அம்பேத்கரின் படத்தை ஏந்தியவாறு ரோஹித் நடந்துவரும் ஒளிப்படம் அந்நாட்களுக்கு உரியது. ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் நடுவே தாங்கள் நிறுத்தப்பட்ட இடத்துக்கு அவர்கள் மிகச் சரியான பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் ரோஹித் உயிருடன் இல்லை.

இச்செய்திக்கு மும்பை எழுந்து நின்றதில் வியப்பில்லை. இந்நகரின் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்குத் தொலைவிலுள்ள ஒரு வளாகத்தின் துயரத்தைத் தம்முடையதாகக் கொள்ளும் மரபு உண்டு. அதன் வேரைத் தேடினால் அம்பேத்கர் 1945-இல் தொடங்கிய மக்கள் கல்விக் கழகத்தில் போய் நிற்போம். அக்கழகம் 1946-இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியையும், 1950-இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்த் எனப் பெயர்பெற்ற கல்லூரியையும் நிறுவியது. இவ்விரு ஊர்களின் தலித் மாணவர்களும் ஒரே குடும்பத்தின் இரு வீடுகளில் வளர்ந்தவர்கள். மாட்டுங்காவை அடுத்த வடாலாவில் இருந்த சித்தார்த் விஹார் விடுதி, 1972-இல் தோன்றிய தலித் பேந்தர் இயக்கத்தினர் கூடிப் பேசிய இடங்களுள் ஒன்று.

1978 ஜூலையில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கரின் பெயரைச் சூட்ட மகாராஷ்டிரச் சட்டமன்றம் தீர்மானித்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகைக்காக மராத்வாடாவின் ஊர்களில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் போயின. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. 1979-இல் ஜோகேந்திர கவாடே நாக்பூரிலிருந்து ஔரங்காபாத் நோக்கி நெடும்பயணம் நடத்தினார். பம்பாயிலும் நாக்பூரிலும் மாணவர்களும் தொழிலாளர்களும் பல ஆண்டுகள் தெருவில் நின்றார்கள். பெயர்மாற்றம் நிறைவேறியது 1994 ஜனவரி 14 அன்று. பதினாறு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவு. தங்கள் ஊரில் இல்லாத, தாங்கள் ஒருபோதும் படிக்கப்போகாத ஒரு பல்கலைக்கழகத்துக்காக அவ்வளவு காலம் காத்திருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 2016-இல் இந்நகரின் வகுப்பறைகளில் அமர்ந்திருந்தார்கள்.

அந்த ஜனவரியில் செம்பூரை ஒட்டிய தேவ்னாரில், டாடா சமூக அறிவியல் நிறுவன மாணவர்கள் கண்டனக் கூட்டங்களும் ஊர்வலங்களும் நடத்தினர். பல கல்லூரிகளின் மாணவர்கள் அவர்களோடு இணைந்தனர். தாராவியிலிருந்து நாங்கள் நால்வர் சென்றோம். மராத்தியிலும் இந்தியிலும் முழக்கங்கள் எழும். நடுவே ‘வெலிவாடா’ என்ற சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே வரும். யாரும் யாருக்கும் அதை விளக்கியதாக எனக்கு நினைவில்லை.

அதே கூட்டங்களில் இன்னொரு தொடரையும் முதன்முதலாகக் கேட்டேன். தமிழில் அதை ‘நிறுவனக் கொலை’ என்று எழுதலானோம். இலக்கணம் படித்தவர்களுக்கு இத்தொகையைக் கண்டதும் ‘புலிகொல் யானை’ நினைவுக்கு வரக்கூடும். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்ற மயக்கத்துக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு அது. வேற்றுமை உருபு மறைந்துவிட்டால் கொன்றது யார், இறந்தது யார் என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். ‘தற்கொலை’ என்ற சொல்லில் அந்த மயக்கத்துக்கே இடமில்லை. செய்தவரும் இறந்தவரும் ஒருவரே என்று சொல்லே தீர்ப்பளித்துவிடுகிறது, கோப்பு மூடப்படுகிறது. ‘நிறுவனக் கொலை’ என்னும் தொடர் கோப்பைத் திறந்துவைக்கக் கோருகிறது. உதவித்தொகையை நிறுத்திய கையெழுத்து எது, விடுதிக் கதவைப் பூட்டிய ஆணை எது, கடிதத்துக்கு விடை எழுதாத மேசை எது என்று அது கேட்கிறது. சட்டத்தின் பார்வையில் இது குற்றப்பெயர் ஆகாது என்பது தெரிந்ததே. வரலாற்றாசிரியருக்கு அது ஒரு விசாரணை முறை.

பெயரிடும் உரிமைக்கான போட்டி அத்தோடு முடியவில்லை. நடுவண் அரசு அமைத்த ஒருநபர் ஆணையம், தனிப்பட்ட விரக்தியே காரணம் என்றும் ரோஹித் பட்டியல் சாதியினர் அல்லர் என்றும் 2016-இலேயே அறிக்கை அளித்தது. 2024 மே மாதம் தெலங்கானா காவல்துறை வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையிலும் அதையே சொன்னது. எதிர்ப்பு எழுந்தபின் மேலும் விசாரிப்பதாக அறிவித்தது. இறந்தவரின் சாதிச் சான்றிதழை ஆராய்வதில் காட்டப்பட்ட முனைப்பு, உயிரோடு இருந்தபோது அவருடைய உதவித்தொகைக் கோப்பை நகர்த்துவதில் காட்டப்பட்டிருக்கலாம்.

2016 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கரின் 125-ஆம் பிறந்தநாளில், ரோஹித்தின் தாய் ராதிகா வெமுலாவும் தம்பி ராஜாவும் தாதரில் பௌத்தம் தழுவினர். எங்கள் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தொலைவு. ஹைதராபாத்தின் துயரம் அன்று எங்கள் பேட்டைக்கே வந்து சேர்ந்தது என்று நினைத்தேன். நாம் ஆறுதல் சொல்பவர்கள், அவர்கள் ஆறுதல் பெறுபவர்கள் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. இன்று திரும்பிப் பார்க்கையில் அந்த எண்ணம் என்னைக் கூச வைக்கிறது.

ஏனெனில் அடுத்து வந்த ஆண்டுகள் மும்பையின் ஆண்டுகள்.

2018 பிப்ரவரியில் டாடா சமூக அறிவியல் நிறுவன மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உயர்கல்விக்கான அரசு உதவித்தொகை பெறத் தகுதியுள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இருந்த கட்டண விலக்கை நிறுவனம் நிறுத்தியதே காரணம். ஹைதராபாத், துல்ஜாப்பூர், குவாஹாட்டி வளாகங்களும் சேர்ந்துகொண்டன. ரோஹித்தின் கதையிலும் உதவித்தொகை முதல் கண்ணியாக இருந்ததை நாம் மறந்திருக்கவில்லை. ஆனால் இரங்கல் கூட்டத்தில் உணர்ச்சியோடு பேசப்படும் ஒன்று, கட்டண அறிவிப்பாக வரும்போது வெறும் நிர்வாகப் பிரச்சினையாகத் தோற்றம் கொள்கிறது.

2019 மே 22 அன்று, மும்பை நாயர் மருத்துவமனையைச் சார்ந்த டோப்பிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வி இறந்தார். ஜல்காவைச் சேர்ந்த தட்வி பில் பழங்குடியினர். வயது 26. மூத்த மாணவியரின் சாதிய இழிவுரைகளைப் பற்றி முன்னரே முறையிட்டும் பயனில்லை என்று குடும்பத்தார் கூறினர். மூன்று மருத்துவர்கள் கைதுசெய்யப்பட்டுப் பிணையில் வந்தனர். ஆறாம் ஆண்டை நெருங்கும் இவ்வேளையிலும் வழக்கு முடியவில்லை.

2023 பிப்ரவரி 12 அன்று, பவாய் ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தார். அகமதாபாத்தைச் சேர்ந்த தலித் மாணவர், வயது 18. வளாகத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நேரடியான சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான சான்று இல்லை என்றும் படிப்பில் ஏற்பட்ட பின்னடைவு காரணமாகலாம் என்றும் நிறுவனத்தின் உள்விசாரணைக் குழு கூறியது. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அச்சாவுக்குச் சாதிப் பாகுபாட்டின் பெயரில் முதலில் கேள்வி எழுப்பியோருள் அங்குள்ள அம்பேத்கர் பெரியார் புலே வாசகர் வட்டத்தினரும் இருந்தனர். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-இல் தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் வட்டத்தின் அங்கீகாரத்தை அந்நிறுவனம் 2015 மே மாதம் நீக்கி, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் ஜூனில் திரும்ப வழங்கியதை வாசகர்கள் அறிவீர்கள். பவாயில் அப்பெயர் வரிசையில் புலேயும் அமர்ந்திருக்கிறார். சொற்கள் மட்டுமின்றிப் பெயர்களும் இப்படித்தான் வளாகம்விட்டு வளாகம் பயணிக்கின்றன.

அதே பிப்ரவரி 25 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் ஒரு சட்டப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மும்பை மாணவரின் சாவைக் குறிப்பிட்டு, இத்தகைய சாவுகளை வெறும் எண்ணிக்கையாகக் கடந்துபோக முடியாது என்று பேசினார். அந்த விழா நடந்த ஊர் ஹைதராபாத். ஏழாண்டுகளுக்கு முன்னர் மும்பை ஹைதராபாத்துக்காகப் பேசியது. இப்போது ஹைதராபாத்தில் நின்று மும்பைக்காகப் பேச வேண்டியதாயிற்று. இடையில் இரு நகரங்களின் விதிப்புத்தகங்களிலும் என்ன மாறியது?

2024 ஏப்ரலில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் தன்னுடைய தலித் ஆய்வு மாணவர் ஒருவரை இரண்டாண்டுகளுக்கு இடைநீக்கம் செய்ததையும், வளாகத்துக்குள் நுழையத் தடைவிதித்ததையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது. 2016-இல் வெலிவாடாவுக்காக மாணவர்கள் திரண்ட வளாகம் அது. வழக்கின் நியாய அநியாயங்களை நீதிமன்றம் பார்க்கட்டும். மாணவரை வெளியே நிறுத்துவது என்ற தண்டனை வடிவம் ஒன்பது ஆண்டுகளிலும் மாறவில்லை என்பதே என் கவனத்துக்குரியது.

இனி நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழர்களாகிய நம்மைப் பற்றி. ரோஹித்துக்கு எட்டாண்டுகள் முன்னரே, 2008 பிப்ரவரியில், அதே ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த செந்தில்குமார் என்ற இயற்பியல் ஆய்வு மாணவர் இறந்தார். பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஆய்வுப் படிப்பை எட்டியவர். அங்கேயும் உதவித்தொகை நிறுத்தம் என்ற கண்ணி இருந்தது. 2017 மார்ச் 13 அன்று டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வு மாணவர் முத்துகிருஷ்ணன் இறந்தார். அவரும் சேலத்துக்காரர், ஹைதராபாத்தில் படித்தவர், ரோஹித்துக்கு நீதி கேட்ட போராட்டத்தில் நின்றவர். ஒரு வளாகத்தின் சாவுக்காகக் குரல் கொடுத்தவரை மற்றொரு வளாகத்தில் ஓராண்டு சிறிது கடந்து இழந்தோம்.

செந்தில்குமாரின் பெயரை நான் முதன்முதலில் அறிந்தது 2016-க்குப் பிறகு, ரோஹித்தைப் பற்றிய ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளாக வந்து குடியேறிய தமிழர்கள் வாழும் தாராவியில், தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன் நான். எங்கள் தெருவில் தமிழ் நாளிதழ் வரும், தமிழ்ப் பிணக்குகள் அத்தனையும் வந்து சேரும். அந்தப் பெயர் மட்டும் வந்து சேரவில்லை. வந்தும் நாங்கள் கவனிக்காமல் இருந்திருக்கலாம். 2008-இல் அச்சாவு ஒரு பெயரைப் பெற்று ஊர்விட்டு ஊர் பயணித்திருந்தால் பின்வந்தவை நேராமல் போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன். வரலாறு அவ்வாறு கணக்குப் பார்ப்பதற்கு உரியதன்று. ஆனால் 2016-ஐ ஒரு தொடக்கமாக எண்ணி நாங்கள் அதிர்ந்தது பிழை என்பதை ஏற்றாக வேண்டும். அது தொடர்ச்சி.

இவ்வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே. தொலைவிலுள்ள வளாகத்துக்காகத் துயருறுவது எளிது. அங்கே குற்றவாளி வேறொருவர், துணைவேந்தர் வேறொருவர், விடுதிக் காப்பாளர் வேறொருவர். அந்தத் துயரம் உண்மையானதா என்பது நம் சொந்த வளாகத்தில் எதை மாற்றக் கேட்டோம் என்பதைக் கொண்டே அறியப்படும். மராத்வாடாவுக்காக நின்றவர்கள் பதினாறு ஆண்டுகள் ஒரு பெயரைக் கேட்டார்கள். குறிப்பான ஒன்றைக் கேட்டதால் பெறும்வரை கேட்க முடிந்தது. நாங்கள் 2016-இல் எங்கள் கல்லூரியில் மெழுகுவத்தி ஏற்றினோம். ஆனால் எங்கள் கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவு உள்ளதா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகள் அத்தகைய பிரிவையும், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் ஒருவரையும் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தன. அவ்விதிமுறைகள் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

கேட்டவர்கள் இரண்டு தாய்மார்கள். ராதிகா வெமுலாவும் பாயலின் தாய் ஆபிதா தட்வியும் 2019-இல் இணைந்து உச்ச நீதிமன்றத்தை அணுகினர். ஹைதராபாத்தின் தாயும் மும்பை வளாகத்தில் மகளை இழந்த தாயும் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள். 2012 விதிமுறைகளை உண்மையில் நடைமுறைப்படுத்துக என்பதே அவர்கள் கோரியதன் சாரம். ஐந்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த அம்மனு இரு வாரங்களுக்கு முன், ஜனவரி 3 அன்று, விசாரணைக்கு வந்தது. எத்தனை நிறுவனங்களில் சம வாய்ப்புப் பிரிவு உள்ளது, எத்தனை புகார்கள் வந்தன, அவற்றின்மீது என்ன செய்யப்பட்டது என்ற விவரங்களைத் திரட்டித் தருமாறு நீதிமன்றம் மானியக் குழுவிடம் கேட்டிருக்கிறது.

அந்த விவரங்கள் டெல்லியிலிருந்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கும் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இன்று மாலை நினைவேந்தல் கூட்டத்துக்குச் செல்வீர்களாயின் செல்லுங்கள். நானும் தேவ்னாரில் இருப்பேன். நாளை காலை உங்கள் கல்லூரி அலுவலகத்தில் மூன்று கேள்விகளை எழுத்துவழிக் கேளுங்கள். சம வாய்ப்புப் பிரிவு இருக்கிறதா? பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார், அவரை எந்த அறையில் காணலாம்? உதவித்தொகை நிலுவையில் உள்ள மாணவர் எத்தனை பேர், எத்தனை மாதங்களாக? கிடைக்கும் விடையை, விடை கிடைக்காவிட்டால் அதையும், தேதியிட்டுக் குறித்துவையுங்கள்.

வெலிவாடா என்ற சொல்லை ஹைதராபாத் நமக்குத் தந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அது ஒரு முகவரி. நம் வளாகத்தில் அது எந்த அறைக்கு, எந்த வாசலுக்கு உரியது என்பதை நாம்தான் தேடிக் கண்டறிய வேண்டும்.